ஒத்தக்கையனுக்கு இல்லாதது எந்தக் கை

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவரை எல்லோரும் மாதிரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர் ஒரு டார்ச் லைட்டையோ தேன் பாட்டிலையோ கொண்டுவந்து மேசைமேல் வைத்தால், அதற்கு அளவான முதல் பெட்டியை வெட்டி, மடித்து, ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. அந்த முதல் பெட்டிக்கு மாதிரி என்று பெயர். அது சரியாக இருந்தால் அதைப்போல ஐம்பதாயிரம் பெட்டி ஓடும். தவறாக இருந்தாலும் ஐம்பதாயிரம் ஓடும். அதனால் இருபத்துமூன்று வருடமாக அவர் தவறே செய்வதில்லை என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது அவரேதான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

நாள் முழுக்கக் கத்தியும் பசையுமாக இருக்கிற இந்த மனுஷிக்கு வீட்டுக்கு வந்தால் இரண்டையும் கண்ணில் காட்டக் கூடாது. சாப்பாட்டு மேசையில் ஒரு சதுரக் காகிதத்தை விரித்து வைத்து உட்கார்ந்துவிடுவார். ஒரே காகிதம். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, மடிக்க மட்டும் செய்யலாம். அதிலிருந்து விண்வெளிக் கதைகளில் வருகிற கப்பல்களும் எந்திர மனிதர்களும் எட்டுக்கால் வேற்றுக்கிரகப் பிராணிகளும் எழுந்து வரும். பூ, கொக்கு, பட்டாம்பூச்சி பக்கம் அவர் போகவே மாட்டார். "அதுக்கெல்லாம் ஆள் நிறைய இருக்காங்க" என்பார்.

அடுத்தவர் கண்டுபிடித்ததை மடிப்பதிலும் அவருக்கு ருசி இல்லை. எல்லாம் சொந்த வடிவமைப்பு. இதுவரை பதினான்கு. தன் தலையை இரண்டு கையாலும் ஏந்தி நிற்கிற விண்வெளி நீதிபதி, ஒரு வீடியோ கேமில் பழம் பொறுக்கித் திரிகிற இரட்டைக் கொம்பு நத்தை, சிறகை விரித்தால் ஜன்னல் தெரியும் சரக்குக் கப்பல் என்று ஷோகேஸ் நிறைய நிற்கின்றன. அந்த ஷோகேஸில் ஒரு காலத்தில் தட்டு, டம்ளர் இருந்தன. அவை இப்போது சமையலறையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

"வீட்டுக்கு யாராவது வந்தா டீ எதுல குடுக்கறது? இந்த நத்தையிலயா?" என்று கேட்பார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்வதால், மேலே வந்ததும் யாரோடாவது பேசித் தீர்த்தாக வேண்டும் அவருக்கு.

"வர்றவங்க நத்தையைப் பாத்துட்டு டீயை மறந்துடுவாங்க" என்பார் மாதிரியக்கா, தலையைத் தூக்காமலே.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவர், போன வருடம் பதினைந்தாவது வடிவத்துக்கு ஒத்தக்கையனைத் தேர்ந்தெடுத்தார். அதில்தான் கதை இருக்கிறது.

ஒத்தக்கையன் என்பது முப்பத்தைந்து வருடத்துக்கு முன் டிவியில் வந்த ஒரு விண்வெளித் தொடரின் எந்திரம். கப்பலில் மூட்டை ஏற்றி இறக்குகிற கூலி எந்திரம். ஒரு நாள் கப்பல் கதவு மூடிக்கொள்ளப் போகும்போது, உள்ளே இருந்தவர்கள் வெளியே வரும்வரை அது தன் இடது கையைக் கொடுத்துக் கதவைத் தாங்கிப் பிடிக்கும். ஆட்கள் தப்பிவிடுவார்கள், கை போய்விடும். புதுக் கை மாட்டித் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்றுவிடும். அந்த வாரம் தெருவே அழுதது. மாதிரியக்காவின் தம்பிக்கு அப்போது பத்து வயது. இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நான்கு நாள் அப்படியே பள்ளிக்கூடம் போனான். அப்பா அவனை ஒத்தக்கையா என்றுதான் அதற்கப்புறம் கூப்பிட்டார், அவனுக்கு மீசை முளைத்த பிறகும்.

அந்தத் தம்பி ஆறு வருடமாக அக்காவோடு பேசுவதில்லை.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அப்பா திடீரென்று சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மாதிரியக்கா. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தாமதிக்க முடியாது, செய்தாலும் உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். ஒரு தாளை நீட்டினார். தம்பி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான், இன்னும் நாற்பது நிமிடத் தூரம். மாதிரியக்கா கையெழுத்துப் போட்டார். தம்பி வந்து சேர்ந்தபோது அப்பா உள்ளே போயிருந்தார். டாக்டர் திரும்பி வெளியே வந்தபோது அப்பா உயிரோடு இல்லை.

வராந்தாவில் நின்று தம்பி ஒன்றே ஒன்று கேட்டான். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா நீ என்ன கிழிச்சிருப்ப? நீ என்ன டாக்டரா?" என்றார் அக்கா, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும்.

அழுகையில் வந்த வார்த்தை. ஆனால் வந்த வார்த்தையைத் திரும்ப உள்ளே தள்ள முடியுமா? காகிதத்தில் ஒரு முறை மடித்த கோடு, பிரித்து நீவினாலும் தெரியத்தான் செய்யும் என்பது மாதிரியக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தம்பி அன்றைக்கு வாயை மூடியவன்தான். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம், அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு. அங்கே லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறான். அக்கா போகவில்லை. தம்பியும் வரவில்லை. வீட்டுக்காரர் மட்டும் பால்கனியில் நின்று அவனோடு போனில் பேசுவார். நலம் விசாரிப்பது தெருவுக்கே கேட்கும். மாதிரியக்கா உள்ளே இருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, "யாரு போன்ல?" என்பார்.

ஆக, எதற்காக ஒத்தக்கையன் என்று கேட்டால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நாம் சொல்லிவிடலாம். இதைப் பார்த்தாவது அவன் ஒரு வார்த்தை பேசுவான் என்ற நப்பாசைதான். மன்னிப்பு என்று கடிதம் எழுத அவருக்கு வராது. மடிக்கத்தான் வரும்.

ஒரு கை இல்லாத உருவம் செய்வது, இரண்டு கை உள்ளதைச் செய்வதைவிடக் கஷ்டம். இது வெளியாட்களுக்குப் புரியாது. மூலைக்கு மூலை மடித்தால் சதுரம் இரண்டு சரிபாதியாகிவிடும். இந்தப் பாதியில் ஒரு கை வந்தால் அந்தப் பாதியிலும் ஒரு கை தானாக வரும். வேண்டாத கையை வெட்டி எறியவும் கூடாது. அப்படியானால் அந்தக் கைக்கான காகிதத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? காலில் வைத்தால் கால் வீங்கியது. முதுகில் வைத்தால் கூன் விழுந்தது. கம்பெனியிலிருந்து மெல்லிய பழுப்புக் காகிதம் வாங்கிவந்து, ஒரு பக்கம் சாம்பல் நிறம் அடித்து, எட்டு மாதத்தில் நாற்பத்தொரு எந்திரங்களைக் கெடுத்தார். கடைசியில் அந்தக் காகிதத்தை உருவத்தின் நெஞ்சுக்குள் மடித்துச் செருகினார். ஒரு நுனி மட்டும் தோளில் பிய்ந்த ஒயர் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவர் சந்தோஷத்தில் வீட்டுக்காரருக்குத் தானே டீ போட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரர் பயந்துபோய் என்ன விஷயம் என்று கேட்டார்.

காகித மடிப்பாளர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர் முந்நூறு பேர். ஆறு மாதத்துக்கு ஒரு மலர் போடுவார்கள். அதில் புது வடிவத்தின் படமும், அதை மற்றவர்கள் மடித்துப் பார்ப்பதற்கான கோட்டுப்படமும் வரும். பிரித்து விரித்த சதுரத்தில் எங்கெங்கே மடிப்பு விழுகிறது என்று காட்டுவதுதான் கோட்டுப்படம். மேடாக மடிய வேண்டிய கோட்டுக்குச் சிவப்பு, பள்ளமாக மடிய வேண்டியதற்கு நீலம். மாதிரியக்கா ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கோடுகளை வரைந்தார். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து சிவப்பும் நீலமும் போட்டார். செவ்வாய்க்கிழமை அனுப்பினார். வரைந்ததைப் பார்த்து ஒரு தடவை மடித்துச் சரிபார்த்தாரா? இல்லை. நாற்பத்தொரு தடவை மடித்தவருக்குத் தன் எந்திரத்தைத் தானே சரிபார்ப்பதா என்று இருந்தது.

மலர் வந்ததும் ஒரு பிரதியை உறையில் போட்டுத் தம்பி விலாசம் எழுதினார். உள்ளே ஒரு வரி எழுதலாமா என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்தார். பிறகு மூடிவிட்டார்.

நான்கு மாதம் ஒரு சத்தமும் இல்லை. சங்கத்துக்காரர்கள் தாங்கள் மடித்த ஒத்தக்கையன்களைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தங்கத் தாளில் ஒன்று, செய்தித்தாளில் ஒன்று, சுண்டுவிரல் உயரத்தில் ஒன்று. பாராட்டு குவிந்தது. மாதிரியக்கா எதையும் சரியாகப் பார்க்கவில்லை. தினமும் வாசல் கதவில் இருக்கும் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவதுதான் வேலையாக இருந்தது.

"கரண்ட் பில் வந்தா நான் எடுத்துக்கறேன், விடு" என்றார் வீட்டுக்காரர். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் அவருக்குத் தெரியும்.

ஐந்தாவது மாதம் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. மூக்குக்கண்ணாடி வைக்கிற பெட்டி. அக்காவுக்குத் தொழில் புத்தி போகுமா? மூடி ஒன்றரை மில்லிமீட்டர் தளர்வு என்பதைத்தான் முதலில் கவனித்தார். பிறகுதான் அனுப்பியவர் விலாசத்தைப் பார்த்தார். உள்ளே, லென்ஸ் சுற்றுகிற மெல்லிய வெள்ளைத் தாளில் மடித்த ஒரு ஒத்தக்கையன். மகா மட்டமான மடிப்பு. ஒரு கால் குட்டை, தலை கோணல். எத்தனை தடவை பிரித்துப் பிரித்து மடித்திருந்தானோ, தாள் கந்தலாகியிருந்தது. கூடவே கடையில் பவர் எழுதிக் கொடுக்கிற சீட்டு ஒன்று. அதில் வலது, இடது என்று அச்சடித்த இரண்டு கட்டங்கள். வலது கட்டத்தில், "இருக்க வேண்டும்." இடது கட்டத்தில், "போனது இதுதான்." கீழே கையெழுத்துகூட இல்லை.

மாதிரியக்காவுக்கு முதலில் வந்தது ஆத்திரம். ஆறு வருடம் கழித்து ஒரு வார்த்தை வருகிறது, அதுவும் குற்றம் கண்டுபிடிக்க. "மடிக்கத் தெரியாம மடிச்சுட்டு என்னைச் சொல்றான் பாருங்க! எனக்குத் தெரியாதா எந்தக் கைன்னு?" ஷோகேஸைத் திறந்து தன் எந்திரத்தை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். இடது கை இல்லை. சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் தம்பியுடையதை நிறுத்தினார். வலது கை இல்லை. இரண்டும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற ஒருவனும் அவன் பிம்பமும் மாதிரி எதிரெதிராக நின்றன.

"மத்தவங்க அனுப்பின போட்டோவைப் பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர்.

பார்த்தார். தங்கத் தாளில் வலது கை இல்லை. செய்தித்தாளில் வலது கை இல்லை. சுண்டுவிரல் உயரத்துக்காரனுக்கும் வலது கைதான் இல்லை. நாற்பத்தாறு படங்கள், நாற்பத்தாறிலும் வலது கை போயிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கம்பெனியில் பெட்டிப்படத்தை உள்பக்கமிருந்து பார்த்துத்தான் வரைவார்கள், பெட்டிக்குள் உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கிற மாதிரி. சங்கத்து வழக்கம் நேர்மாறு. காகிதத்தின் வெளிப்பக்கம் மேலே இருப்பதாக வைத்து வரைய வேண்டும். இருபத்துமூன்று வருடப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை அவர் கை கோடுகளை உள்பக்கமிருந்து வரைந்துவிட்டது. பெட்டிக்குச் சிவப்பு நீலம் கிடையாது, எல்லாக் கோடும் உள்ளேதான் மடியும். அதனால் திங்கட்கிழமை நிறம் போட்டபோது மட்டும் சங்கத்து வழக்கப்படி வெளிப்பக்கத்தை நினைத்துப் போட்டார். கோடு ஒரு பக்கம், நிறம் மறு பக்கம். விளைவு, உருவம் இடம் வலமாகப் புரண்டுவிட்டது.

அதைவிடக் கொடுமை, முந்தைய பதினான்கு வடிவங்களையும் அவர் இப்படித்தான் வரைந்திருந்தார். நீதிபதிக்கும் நத்தைக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. தவறே செய்யாதவர் என்ற பேச்சு நெடுநாளாக அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது என்று அர்த்தம்.

திருத்தப் படம் வரைய ஒரு மாலை போதுமானதாக இருந்தது. இந்தத் தடவை அதைப் பார்த்து ஒரு எந்திரத்தை மடித்தும் பார்த்தார். இடது கை போயிருந்தது, சரியாக. அடுத்த மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, நாலு மணிக்குள் அனுப்பினால் திருத்தத்தைச் சேர்த்துவிடலாம் என்று சங்கச் செயலர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் மாதிரியக்கா போனைக் கையில் எடுத்தார். படத்தைச் செயலருக்கு அனுப்ப விரலை வைத்தவர், அப்படியே நிறுத்தினார்.

இதே போன்தான் அன்றைக்கும் கையில் இருந்தது. டாக்டர் தாளை நீட்டியபோது இடது கையில் போன், வலது கையில் பேனா. கையெழுத்துப் போட்டது தவறு என்று இன்றைக்கும் அவர் நினைக்கவில்லை. மறுபடி கேட்டாலும் போடுவார். ஆனால் ஒரு நிமிடம் போதும், தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடத் தோன்றவே இல்லை. சரியாகத் தெரிந்த விஷயத்தை யாரையும் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கம்பெனி மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது.

பிறகு தம்பியின் கடைக்கு போன் பண்ணினார்.

"கண்ணாடிக் கடை" என்றான். பின்னால் லென்ஸ் தேய்க்கிற எந்திரம் இரைந்தது.

"நான்தான்டா."

எந்திரத்தின் இரைச்சல் நின்றது. அவன் போனை வைத்துவிடவில்லை.

"நீ சொன்னது சரி. கை மாறிப்போச்சு. என் தப்புதான். புதுசா வரைஞ்சிருக்கேன், உனக்கு அனுப்பறேன். பாத்து சொல்றியா?"

"நான் பாத்து என்ன சொல்லப்போறேன்? மடிப்பு எனக்கு என்ன தெரியும்?"

"எந்தக் கைன்னு உனக்குத்தான தெரியும். நீ சொன்னாதான் குடுப்பேன்."

எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. "கடையில கூட்டமா இருக்கு. வீட்டுக்குப் போய் மடிச்சுப் பாத்துட்டுதான் சொல்ல முடியும்."

"பரவால்ல. மெதுவா பாரு."

மூன்றரைக்குச் செயலர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நேரம் தவறினால் மூச்சு முட்டும் அவருக்கு. "திருத்தம் இன்னும் வரலியேம்மா? படம் ரெடின்னீங்களே?"

"ரெடி சார்."

"சரியா இருக்குல்ல?"

"சரியாத்தான் இருக்கு. மடிச்சே பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன? அனுப்ப வேண்டியதுதான!"

"தம்பியை ஒரு வார்த்தை கேட்டிருக்கேன் சார். அவன் சொல்லட்டும்."

"அவர் என்ன பெரிய மடிப்பாளரா?"

"இல்ல சார். அவனுக்குக் காகிதத்தை நேரா ரெண்டா மடிக்க வராது."

செயலருக்குத் தலை சுற்றியது. நாலு மணிக்கு மேல் ஒரு நிமிடம் தாங்காது, இதை விட்டால் இன்னும் ஆறு மாதம், அதுவரை முந்நூறு பேரும் கை மாறிய எந்திரத்தைத்தான் மடிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் பெயர்தான் இருக்கும், புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றார் மாதிரியக்கா. நாலு மணி ஆனபோது அவர் ஒரு ஷாம்பூ பாட்டிலுக்குப் பெட்டி வெட்டிக்கொண்டிருந்தார். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அடிப்பக்கத்துக்குப் பசை தடவினார்.

ஏழே கால் மணிக்கு வீட்டில் போன் அடித்தது. மேசையிலிருந்த போனில் தம்பி பெயரைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் பால்கனிப் பக்கம் நடந்த வீட்டுக்காரர், பாதியில் திரும்பி வந்து நீட்டினார். அடித்தது அவர் போன் இல்லை, மனைவியுடையது.

"அக்கா" என்றான் தம்பி. ஆறு வருடத்தில் முதல் தடவை. "நாலு தாள் கிழிஞ்சுது. அஞ்சாவதுல வந்துடுச்சு. இடது கைதான் போயிருக்கு. சரியா இருக்கு."

"தலை நேரா வந்துச்சா?"

"அது கோணல்தான்."

மாதிரியக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கும் உன்னைக் கேட்டிருக்கணும்டா. போன் கையிலதான் வெச்சிருந்தேன். கேக்கல. நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசியும் இருக்கக் கூடாது."

தம்பி பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "கேட்டிருந்தா நானும் கையெழுத்துப் போடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் எதுக்குடா ஆறு வருஷம்?"

"அதை நான் சொல்லியிருக்கணும்ல அக்கா. அவர் எனக்கும் அப்பாதான?"

மாதிரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அதை விடு. படத்தை இன்னும் அனுப்பலியே?" என்றான் தம்பி.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மாதிரியக்கா அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார், பேசாதீர்கள் என்று.

"இல்லடா. நீ சொல்லட்டும்னுதான் வெச்சிருக்கேன்."

"நல்லா இருக்கு. அனுப்பிடு."

"சரி, இப்பவே அனுப்பிடறேன்" என்றார் மாதிரியக்கா. சொன்னபடியே அனுப்பினார், ஆறு மாதம் கழித்து வரப்போகிற மலருக்கு.